ஓடையில் வலை வேண்டாம், கேமரா வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த கொடிமலைக்கு நம் பினாங்குப் பள்ளிகள் மாணவர்களை அழைத்துப் போவது மகிழ்ச்சி. ஆனால் ஓடையில் இறங்கியதும் கல்லைப் புரட்டுகிறார்கள், வலையால் துழாவுகிறார்கள், அகப்பட்டதை வாளியில் போட்டு எண்ணிவிட்டுத் திரும்புகிறார்கள். ஓடையில் என்னென்ன இருக்கின்றன என்று இதில் தெரியும். அவை அங்கே எப்படிப் பிழைக்கின்றன என்பது தெரியவே தெரியாது.

விசிறி இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் வேகமான ஓடைகளில் வாழ்வது. நீரோட்டத்தைப் பார்த்தபடி பாறைமேல் உட்கார்ந்து, முன்கால்கள் நான்கின் நுனியிலும் உள்ள மயிர்க்கற்றைகளை விரித்து வைத்திருக்கும். அடித்துவரும் துகள்கள் அதில் படியப் படிய, ஒவ்வொரு காலாக மடக்கி வாயில் துடைத்துக்கொள்ளும். வலையில் வந்தாலோ, அது வெறும் பழுப்பு நிற இறால்!

இதற்காகத்தான் ஆராய்ச்சியாளர்கள் நீருக்கடியில் சிறு கேமராவைக் கல்லோடு கட்டி வைத்துவிட்டு விலகிவிடுகிறார்கள். முதல் சில நிமிடப் பதிவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலங்கிய மண் அடங்க வேண்டும், பயந்தோடிய மீன்கள் திரும்ப வேண்டும். ஒரே கெண்டை பத்து முறை வந்துபோனால் பத்து கெண்டை என்று எழுதிவிடக் கூடாதல்லவா? அதனால் ஒரே நேரத்தில் திரையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதையே குறிக்கிறார்கள். எது எதைத் துரத்துகிறது, எது தன் கல்லை விட்டுக்கொடுக்க மறுக்கிறது, எல்லாம் பதிவில் இருக்கும். இரண்டு மாணவர்கள் தனித்தனியே பார்த்து எழுதி ஒப்பிடலாம். சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இதைவிட நல்ல அறிவியல் பாடம் வேறென்ன?

மழை பெய்து கலங்கிய நீரில் இது பலிக்காது. இரவில் வெளிவரும் நண்டுகளைப் படமெடுப்பதும் சிரமம். அகச்சிவப்பு ஒளியை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடுவதால் மிகப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும். பதிவை உட்கார்ந்து பார்க்கப் பொறுமையும் வேண்டும்.

ஒரு பள்ளிக்கு ஒரு கேமரா போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மனம் வைத்தால் வாங்கிவிடலாம். குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையினர் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளித்தால் பேருதவி. தண்ணீர்மலைப் பக்கத்து ஓடையில், உரிய அனுமதியோடு, எந்தப் பள்ளி முதலில் தொடங்கினாலும் பதிவுகளைப் பார்த்துக் குறித்துக்கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.