வின்னிபெக்கிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கனடா ஊர்க் குளிரில் கதவைத் தொட்டால்கூட ஷாக் அடிக்கிறதாமே, ஏன் என்று கேட்டிருந்தாய். இங்கே வந்து போன் சர்வீஸ் பார்க்கப்போகிறவன் நீ, விவரமாகவே எழுதுகிறேன்.

வெளியே மைனஸ் 20 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கும் நீராவி ஏறக்குறைய 1 கிராம்தான். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடேறினால் 18 கிராம் தாங்கும். இருப்பதோ அந்த ஒரு கிராம். ஈரப்பதம் 5, 6 சதவீதத்துக்கு வந்துவிடும். சமையல், குளியல் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏற்றும், அவ்வளவே.

ஈரக்காற்று கரன்ட்டைக் கடத்துவதால்தான் நம் ஊரில் ஷாக் இல்லை என்பார்கள். அது சரியில்லை. நீராவி கடத்தாது; திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்து, பொறி பாய்வதைச் சற்றுத் தடுக்கவே செய்யும். காற்றில் பொறி பாய மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஈரத்தால் அது பெரிதாக மாறாது. வித்தியாசம் பொருள்களின் மேற்பரப்பில் இருக்கிறது. தூத்துக்குடியில் துணி, செருப்பு, தரை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உண்டு. உரசலில் உண்டாகும் மின் சார்ஜ் சேரச் சேர அதன் வழியே கசிந்துவிடும். கடலோர மின்கம்பப் பீங்கான் பனிக்காலையில் சடசடவென்று பொறிவிடுவதும் உப்பு கலந்த அதே படலத்தால்தான்.

இங்கே அந்தப் படலம் இல்லை. ரப்பர் செருப்போடு கார்பெட்டில் நடந்தால் உடம்பில் 10,000 வோல்ட்கூட ஏறும். 3,000-க்குக் கீழே நமக்கு உறைக்காது. போனுக்குள் இருக்கும் சில ஐசிக்களோ (சிப்கள்) 100 வோல்ட்டிலேயே அடிபடும். போன் அன்றைக்கு ஓடும், சில வாரத்தில் பழுதாகித் திரும்பி வரும்.

அதனால் மேசையில் ஈஎஸ்டி மேட் (சார்ஜை எர்த்துக்கு இறக்கும் விரிப்பு), கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் (அதே வேலைக்கு மணிக்கட்டில் கட்டும் பட்டை), இரண்டும் ஒரே எர்த்தில். ஸ்ட்ராப்பில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் கட்டாயம்: தவறி 120 வோல்ட் லைனைத் தொட்டாலும் 0.12 மில்லிஆம்பியர்தான் பாயும். வெறும் வயரை ஒருபோதும் கட்டாதே. மாட்டிக்கொண்டு, விரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார். 35 மெகாஓமைத் தாண்டினால் தோல் வறண்டிருக்கிறது. பட்டையின் கீழ் லோஷன் தடவு. தெர்மாகோல், செல்லோடேப் பக்கத்தில் வேண்டாம். அவற்றின் சார்ஜை எந்த எர்த்தும் இறக்காது.

காற்றில் ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபையரை 40 சதவீதத்துக்கு வைக்க ஆசை வரும். மைனஸ் 20-ல் 30 போதும், இல்லையென்றால் ஜன்னல் கண்ணாடியில் நீர் உறைந்து, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். கதவுக்கு, சாவியைக் கையில் இறுகப் பிடித்து அதன் நுனியால் முதலில் தொடு. பொறி சாவியில் பாயும், விரல் வலிக்காது.

அன்புடன்,
அண்ணன்