கடல்பாசிப் பேய்கள்

ஸ்கார்பரோ, கனடா,
நவம்பர் 3, 2024

அன்புள்ள சுமதி,

இங்கே எல்லாரும் நலம். அத்தை ஜூலையில் வந்தார், பனியைக் கண்ணால் பார்க்காமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? யூடியூப்காரன் சொன்ன எண்ணெயைத் தேய்த்தது போதும், டாக்டரைப் போய்ப் பார். உன் மகள் ஆடிட்டர் பரீட்சையில் முதல் குரூப் தேறியதை ஜமீலா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. உனக்குச் சொல்லத் தோன்றவில்லை, இல்லையா? இதை மனசில் வைத்திருக்கிறேன், நேரில் வரும்போது கணக்குத் தீர்க்கிறேன். அவளுக்கு என் முத்தம்.

வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். இந்தக் கதைக்கு அது போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் தீபாவளியும், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்துவிட்டன, அக்டோபர் 31, வியாழக்கிழமை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, புதுத்துணி உடுத்தி, உடனே அதை அவிழ்த்து வேஷம் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள் பிள்ளைகள். இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பொய்ச் சிலந்திவலை, கல்லறைக் கல். பக்கத்து வீட்டில் ஆள் உயரத்துக்கு எலும்புக்கூடு. "நல்ல நாளும் அதுவுமா எலும்பைக் கட்டித் தொங்கவிடுவார்களா?" என்று அத்தைக்கு ஆறவே இல்லை. வாசல் படியின் ஒரு பக்கம் அவர் கோலம் போட்டு அகல் ஏற்றினார், இன்னொரு பக்கம் சின்னவன் பூசணிக்காயைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தான். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததை.

மூத்தவளின் வகுப்பில் ஒரு பையன். வேர்க்கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா, எந்தக் கொட்டையும் அவனுக்கு ஆகாது. கத்திரிக்காய் சாப்பிட்டால் அரிக்கிறது என்று நம் ஊரில் சொல்வோமே, அந்த ஆகாது இல்லை இது. தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். இடுப்பில் எப்போதும் ஒரு சின்னப் பை, அதற்குள் எபிபென், அப்படி ஆனால் உடனே தொடையில் குத்தவேண்டிய ஊசி. ஹாலோவீனுக்கு முன்னால் நண்பர்களோடு சேர்ந்து இனிப்பு செய்யவேண்டும் என்றாள் இவள். அவனும் வரவேண்டும், அவன் சாப்பிடக்கூடியதாக மட்டும் செய்யவேண்டும், ஓவனைத் தொடக்கூடாது, ஏனென்றால் ஓவன் என்றால் எல்லாவற்றையும் அம்மாதான் செய்வாள். கேட்டது நியாயம். கேட்ட நேரம்தான் தீபாவளிக்கு முந்தின வாரம். முந்திரி, பாதாம் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தேன், அத்தை பாதாம் அல்வாவுக்கு நாள் குறித்திருந்தார்.

அந்தப் பையனின் அம்மாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை. அப்புறம், இவனை யாரும் சாப்பாட்டுக்கு அழைப்பதில்லை, பிறந்தநாள் விழாவுக்குக்கூட வீட்டிலிருந்து டப்பாவில் கட்டித்தான் அனுப்புகிறேன் என்றாள். சுமதி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு. நம் வீடுகளில் யார் வந்தாலும் முதலில் தட்டைத்தானே நீட்டுவோம்? பிறந்ததிலிருந்து ஒருவர் வீட்டுத் தட்டிலும் கை வைக்காமல் ஒரு குழந்தை வளர்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் அவள் பயம் சும்மா இல்லை. இந்த ஒன்டாரியோவில் 2003ல் சப்ரீனா ஷானன் என்ற 13 வயதுப் பெண் பள்ளிக்கூடக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனாள். அவளுக்குப் பால் ஆகாது. சீஸ் எடுத்த இடுக்கியாலேயே வறுவலையும் எடுத்திருந்தார்கள் என்கிறார்கள். வெறும் இடுக்கி! அவள் பெயரிலேயே சட்டம் வந்து 2006 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக ஒவ்வொரு பள்ளியும் திட்டம் வைத்திருக்கவேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக் கரண்டி எத்தனை பாத்திரத்துக்குள் போய் வருகிறது, நினைத்துப் பார்.

சரி, வேலையில் இறங்கினோம். கொட்டைகள் அத்தனையும் கார் டிக்கிக்குப் போயின. அல்வா புதன்கிழமைக்குத் தள்ளிப்போனது, அத்தை முகமும் கொஞ்சம் அப்படியே. மேடை, அலமாரிப் பிடி, குழாய்த் திருகு எல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்தோம். மரக்கரண்டி கூடாது, அதன் நாருக்குள் ஏறியது போகாது. மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையமும் அப்படித்தான். எவர்சில்வரும் கண்ணாடியும் மட்டும். இன்னொன்று உனக்கும் பயன்படும், உன் டியூஷன் பிள்ளைகளில் யாருக்காவது இருக்கலாம்: கையில் ஒட்டிய வேர்க்கடலை சானிடைசரில் போகாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

கடைக்கு அவன் அம்மாவோடேயே போனேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் மூன்று தடவை படிக்கவேண்டுமாம்: கடையில் எடுக்கும்போது, வீட்டில் அடுக்கும்போது, பிரித்துப் பரிமாறும் முன்பு. எள்ளும் கடுகும்கூட கனடாவில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. 'கொட்டை கலந்திருக்கலாம்' என்று பொடி எழுத்தில் போடுகிறார்களே, அது மட்டும் கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால் போடலாம். அதனால் அந்த வரி இல்லை என்றாலும் அவள் நம்புவதில்லை, பாக்கெட்டில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறாள். தேங்காயைக் கனடாவில் கொட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையனுக்குத் தேங்காய் ஒத்துக்கொள்ளும். எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஏனென்றால் எனக்கு ஒரு யோசனை இருந்தது. இந்த ஊர் ஹாலோவீன் மிட்டாய்கள் பலவற்றில் ஜெலட்டின் இருக்கிறது. மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு, இதிலிருந்து எடுப்பது. அத்தை பக்கத்தில் வரமாட்டார். அப்போதுதான் ஜமீலா வீட்டு நோன்புத் தட்டு ஞாபகம் வந்தது. அவள் உம்மா செய்யும் கடல்பாசி! நீ ஒருத்தியே தட்டைக் காலிசெய்துவிட்டு வார்டன் முன்னால் முழித்தாயே, அதே கடல்பாசி. தேங்காய்ப்பாலில் வெள்ளையாகக் காய்ச்சினால் பேய்க்கு அதைவிட நல்ல உடம்பு கிடைக்குமா?

இந்தியக் கடையில் கடல்பாசிக் குச்சிப் பாக்கெட் கிடைத்தது, அகர் அகர் என்று போட்டிருக்கும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் பாசியிலிருந்தும் இதைக் காய்ச்சி எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பையன் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பார்கள்?" என்று கேட்டான். மூச்சைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுப்பு வேலை மட்டும் எனக்கு. முதலில் தண்ணீரில் பாசியைப் போட்டு முழுசாகக் கரையும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில்தான் தேங்காய்ப்பால், இல்லாவிட்டால் பால் திரிந்துவிடும். கீழ் அடுக்குக்கு ஆரஞ்சுச் சாறு. அதை அடுப்பிலிருந்து இறக்கியபிறகு ஊற்றவேண்டும், புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் பாசி இறுகாது. அப்புறம்தான் கூத்து. ஆரஞ்சு அடுக்கின் மேல் வெள்ளையை எப்போது ஊற்றுவது? சீக்கிரம் ஊற்றினால் கலந்துவிடும், நன்றாக ஆறியபின் ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் கழன்று வரும். மேலே ஆடை கட்டி, விரலால் தொட்டால் ஒட்டாமல் லேசாக ஆடும் ஒரு பதம் இருக்கிறது. நாலு பிள்ளைகளும் டிரேயின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு அந்தப் பதத்துக்குக் காத்திருந்தார்கள். "இப்போ!" என்று கத்தியது அந்தப் பையன். சரியாகச் சொன்னான். ஃபிரிட்ஜ் இல்லாமலே இறுகிவிடும் பண்டம், பேய் அச்சில் வெட்டி, கண்ணுக்கு ஆளுக்கு இரண்டு சாக்லேட் பொட்டு வைத்தார்கள்.

அப்புறம் ரைஸ் கிறிஸ்பி ஸ்குவேர். நம் கார்த்திகைப் பொரி உருண்டைதான், பாகுக்குப் பதில் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயை இளக்கி ஊற்றுவது. கெல்லாக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே என்ற அம்மாள் 1939ல் உருவாக்கியது, சிறுமிகள் சங்கம் ஒன்றுக்கு நிதி திரட்ட விற்றிருக்கிறார்கள். மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், 280 கிராம் மார்ஷ்மெல்லோ, ஆறு கப் பொரி. ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ விலை அதிகம், இளகவும் நேரமாகிறது, ஆனால் கிடைக்கிறது. ஆரஞ்சுக் கலர் விட்டுக் கிளறி, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு சூடு ஆறுமுன் பூசணிக்காயாக உருட்டவேண்டும். இதைப் பார்த்ததும் அத்தை எழுந்து வந்துவிட்டார். "இவ்வளவு அழுத்திப் பிடித்தால் கல்லாகிவிடும், விரலால் பிடி, உள்ளங்கையால் இல்லை" என்று தமிழில் சொல்ல, தமிழ் தெரியாத பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். (உன் மைசூர்பாகு செய்முறையை அவரிடம் சொல்லவில்லை. அந்த விடுதிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது போதும்.)

சாக்லேட் இளக்கும்போது சின்னவன் ஈரக் கரண்டியை விட்டுவிட்டான். ஒரு சொட்டுத் தண்ணீர்தான், மொத்தமும் மண் மாதிரி இறுகிப்போய்விட்டது. அழப் பார்த்தான். சர்க்கரையும் கோகோத் தூளும் அந்த ஒரு சொட்டில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது இது. இன்னும் கொஞ்சம் சூடான தேங்காய்ப்பால் ஊற்றி விடாமல் கிளறினால் பளபளவென்று குழம்பாகிவிடும். முக்கி எடுக்க உதவாது, வாழைப்பழத் துண்டின் மேல் ஊற்ற உதவும். ஊற்றினோம்.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்தவர், "கஜு ஒண்டும் போடேல்லைத்தானே? அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதோ?" என்று வாசலிலேயே நின்று கேட்டு, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

சாப்பிடும் நேரம் வந்தது. பையன் ஒவ்வொரு காலிப் பாக்கெட்டையும் எடுத்து, மூன்றாவது தடவை, வாய்விட்டுப் படித்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். ஊசியைப் பற்றி எங்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தாள்: நீல முனை வானத்துக்கு, ஆரஞ்சு முனை தொடைக்கு, குத்தியதும் அவசர உதவிக்கு 911. அத்தைகூட ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை வாங்கித் தன் தொடையில் அழுத்திப் பார்த்துக்கொண்டார். அவன் பேயின் தலையைக் கடித்தான். மென்றான். "இது வழுக்குகிறது" என்றான். அப்புறம் உடம்பையும் தின்றான், இன்னொன்று எடுத்தான். அவன் அம்மா திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள், கழுவிய பாத்திரத்தையே.

எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, உன்னிடம்தான் சொல்லமுடியும். இந்தப் பண்டங்களை ஹாலோவீன் ராத்திரி கதவைத் தட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கமுடியாது. வீட்டில் செய்தது என்றால் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். கடையில் மூடி ஒட்டியதுதான் செல்லும். யாரோ மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்ற பயம். 1974ல் டெக்சாஸில் ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு வைத்து ஒரு பையன் செத்தது உண்மை, ஆனால் வைத்தவன் அவனைப் பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1980களிலிருந்து பத்திரிகைச் செய்திகளைத் துருவிப் பார்த்துவருகிறார். முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தையாவது செத்ததாக உறுதியான ஒரு கேஸ்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இல்லாத விஷத்துக்குப் பயந்து வீட்டுப் பலகாரம் மொத்தத்தையும் தள்ளிவைத்துவிட்டார்கள். நிஜ ஆபத்து உள்ள அந்தப் பிள்ளைக்கோ, கடையில் மூடி ஒட்டிய மிட்டாயில்தான் பலவும் ஆகாது.

அதனால் வியாழக்கிழமை வாசலில் நீலப்பச்சை வர்ணம் அடித்த பூசணி ஒன்றையும் வைத்தோம். அந்த நிறம் இருந்தால் இந்த வீட்டில் சாப்பாடு இல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம், 2014லிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவி இங்கேயும் வந்த பழக்கம். பென்சில், ஸ்டிக்கர், துள்ளும் பந்து. தெரிந்த வீடுகளுக்கு மட்டும் பொரிப் பூசணியை டப்பாவில் போட்டு, மேலே என்னென்ன சேர்த்தோம் என்று மூத்தவள் கையால் எழுதி ஒட்டி, தீபாவளிப் பலகாரமாகக் கொடுத்தோம். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது உனக்கு வேலை. பையன் பொங்கலுக்கும் வருவதாகச் சொல்லிவிட்டான். சர்க்கரைப் பொங்கலில் முந்திரிக்குப் பதில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வறுத்துப் போடப்போகிறேன், அத்தை சம்மதித்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அவன் இளநீரில் கடல்பாசி செய்யவேண்டும் என்கிறான். நான் செய்தால் இளநீர் வாசனை போய்விடுகிறது. ஜமீலா என் மெசேஜுக்குப் பதிலே போடமாட்டாள், நீ நேரில் போய் அவள் உம்மாவிடம் கேள்: இளநீரைக் கொதிக்கவிடுவார்களா, இறக்கியபின் ஊற்றுவார்களா, சர்க்கரை எப்போது? அளவு கரண்டியில் வேண்டாம், அவர் கிண்ணத்தையே போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த சனிக்கிழமைக்குள் வேண்டும்.

அன்புடன்,
உன் மல்லிகா