லிங்க்கைத் தொட்டதுமா பணம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

'வாட்ஸ்அப்பில் வந்ததைத் தொட்டார், வங்கிப் பணம் மாயம்' என்கிற மாதிரிச் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. தொட்டதற்கும் பணம் போனதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் அச்சேறுவதில்லை. தடுக்க வழியிருப்பதே அந்த நடுவில்தான்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்று பல பெயர்களில் வருவது ஏபிகே கோப்பு. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் செயலியை ஏற்றும் கோப்பு, ஐபோனில் ஏறாது. அதைத் தொட்டால், தெரியாத செயலிகளை நிறுவ வாட்ஸ்அப்பை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். சரி என்றால் செயலி ஏறும். பிறகு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். வினை இதில்தான். அபராதத்துக்கு ஒரு ரூபாய் கட்டச் சொல்லிப் போலித் திரை காட்டி மோசடிக்காரர்கள் கார்டு எண்ணையும் பின் (PIN) எண்ணையும் வாங்கிக்கொள்வார்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி தானாகவே அவர்களுக்குப் போய்விடும். 'ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்று வருடக்கணக்கில் சொல்லி வருகிறோம். இங்கே ஓடிபியை நம்மிடம் யாரும் கேட்பதே இல்லை!

தெரிந்தவர் அனுப்பியது என்பதும் காவல் இல்லை. சிக்கியவரின் வாட்ஸ்அப்பையே கைப்பற்றி, அவருடைய தொடர்புகள் அத்தனைக்கும் அதே கோப்பை அனுப்புகிறார்கள். அபராதம் உண்மையா என்று பார்க்க, அரசின் பரிவாஹன் போக்குவரத்து இணையதளத்தை நாமே திறந்து வண்டி விவரங்களைப் போட்டுப் பார்க்கலாம்.

தொட்டும் நிறுவவில்லை என்றால் கோப்பை அழித்துவிடலாம், பதற வேண்டாம். நிறுவியிருந்தால் முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போட வேண்டும். அடுத்து, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடியும் என்பதால்தான் இந்த அவசரம். வங்கியிடம் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தவறு வாடிக்கையாளருடையது என்றாலும் தகவல் கொடுத்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது.

அந்தச் செயலியின் ஐகான் மறைந்திருக்கலாம். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து தேட வேண்டும். நீக்க விடாமல் அடம்பிடித்தால் 'டிவைஸ் அட்மின்' பகுதியில் அதன் உரிமையை எடுத்துவிட்டு நீக்கலாம். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் ##002# அழுத்தினால் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாத கருவிகளை வெளியேற்றிவிட்டு, இரட்டைச் சரிபார்ப்புக்கான பின் எண்ணையும் வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளை மாற்றுவது வேறு கருவியிலிருந்து. கடைக்காரர் சொன்னார் என்று உடனே போனை ரீசெட் செய்துவிடுகிறார்கள். புகாருக்குத் தேவையான கோப்பும் அனுப்பிய எண்ணும் அதோடு போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ரீசெட் செய்யலாம்.

இத்தகைய செய்தி எழுதும் நிருபர்கள், எந்தக் கோப்பு, என்ன அனுமதி கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி கேட்டு எழுத வேண்டும். செய்தியின் அடியில் 1930 என்ற எண்ணும் இடம்பெறட்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு