ஆய்விதழ் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இதழாசிரியர்களான உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா, உறுப்பினர் சேர்க்கை பற்றிய தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கருத்துத் திருட்டு. ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியே நீள்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்த தன் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்ற காலம் போய், ஓர் இதழ் எப்படி நடக்கிறது என்பதைக் கல்லூரிகளே பார்த்து முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. நம்மிடம் வரும் முதல் கேள்வியே, ‘கட்டுரையை எப்படிச் சோதிக்கிறீர்கள்?’ என்பதுதான். பிற எழுத்துகளோடு கட்டுரை எவ்வளவு ஒத்துள்ளது என்று மென்பொருள் தரும் விழுக்காட்டை மட்டும் பதிலாகச் சொன்னால் தமிழ் இதழ்களுக்கு அது பாதிப் பதில்கூட ஆகாது. 30 விழுக்காடு வந்தால் பதறுகிறோம், 0 வந்தால் நிம்மதியாக அச்சுக்கு அனுப்புகிறோம். தமிழில் 0 வந்தால்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரை, கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. ஒப்பிட எதுவும் கிடைக்காததால் மென்பொருள் 0 என்று காட்டிவிடும். எனவே பிடிஎஃப் மட்டும் வாங்காமல் வேர்டு கோப்பையும் கேட்டு வாங்குக. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரியாவிட்டால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

யூனிகோடிலும் வேலை காட்டலாம். க, உ, எ, அ ஆகிய எழுத்துகளுக்குப் பதிலாக அவற்றைப் போலவே இருக்கும் தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றை இட்டால் அச்சில் வேறுபாடு தெரியாது, மென்பொருளுக்குச் சொல்லே மாறிவிடும். தேடல் பெட்டியில் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சொல்லுக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இருப்பது வேறு கதை. படத்திலிருந்து எழுத்தாக மாற்றும்போது தானாகவும் அது நேரும். அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம்.

அடுத்தது மென்பொருளின் அமைப்பு. மேற்கோள்களை விலக்கிவிட்டுச் சோதிப்பதே வழக்கம். மேற்கோள் குறிகளை வெள்ளை நிறத்தில் மறைத்துப் பத்தி முழுவதையும் அதற்குள் வைத்துவிட்டால் அப்பத்தி கணக்கிலேயே வராது. ஆகவே மேற்கோளைச் சேர்த்து ஒரு முறை, விலக்கி ஒரு முறை என இருமுறை ஓட்டுக. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கோப்பின் எழுத்து முழுவதையும் கறுப்பாக்கிப் பார்க்க வேண்டும். மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களில் 14 சொற்கள் வரை விலக்குகின்றன. ஆங்கிலத்தில் 14 சொல் ஒரு நடுத்தர வாக்கியம். வேற்றுமையும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் தமிழில் முழுக் கருத்தே அதற்குள் அடங்கிவிடும். விதிப்படியான விழுக்காடு அப்படியே இருக்கட்டும்; இதழாசிரியர் படிக்கும் படிக்கு மட்டும் இந்த விலக்கு வரம்பை 7 சொல் என்று வைத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

விழுக்காடு ஏறுவதெல்லாம் திருட்டன்று. குறுந்தொகைக் கட்டுரையில் பத்துப் பாடல்கள் முழுமையாக வந்தால் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்போடு ஒத்துப்போய் எண் எகிறும். அது சரியான மேற்கோளே. ஆனால் பாடலுக்குக் கீழே ‘இதன் பொருளாவது’ என்று தொடங்கும் நான்கு வரிகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் யாரோ ஓர் உரையாசிரியருடைய வரிகளாக இருக்கும், அடிக்குறிப்பு இராது. உரைநூல் இணையத்தில் இல்லையென்றால் மென்பொருள் வாய் திறக்காது. நூலகத்தில் உரைநூலை எடுத்து, மூன்று பாடல்களுக்காவது வரிக்கு வரி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துத் தன்னுடையதாகத் தரும்போது கலைச்சொல் காட்டிக்கொடுக்கும்: நிலமும் பொழுதுமாகிய ‘முதற்பொருள்’ என்பது ‘மூலப்பொருள்’ ஆகியிருக்கும், பாடலில் மறைந்து நிற்கும் பொருளாகிய ‘உள்ளுறை’ என்பது ‘உட்பொதிவு’ ஆகியிருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டோடு 80 விழுக்காடு ஒத்தால் முதலில் ஆய்வேட்டின் முகப்பைப் பார்க்கவும். அதே கட்டுரையாளரின் ஆய்வேடாக இருந்தால் கட்டுரையில் அதைத் தெரிவிக்கச் சொன்னால் போதும். வேறொருவருடையதாக இருந்தால் கதை வேறு. இதழில் முன்பே வந்த சொந்தக் கட்டுரையைச் சொல்லாமல் மறுபடி தருவதை மானியக் குழு 2020 ஏப்ரல் அறிவிப்பில் ஏற்கவில்லை.

ஐயம் உறுதியானால் செய்ய வேண்டியவை ‘கோப்’ எனப்படும் பதிப்பு நெறிக் குழுவின் வழிகாட்டுப் படங்களில் உள்ளன. நம் உறுப்பினர்கள் தடுமாறுவது முதல் கடிதத்தில். ‘உங்கள் கட்டுரை 46 விழுக்காடு, குறைத்து அனுப்பவும்’ என்று எழுதினால் சொல்லை மாற்றித் தரும் கடைக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். விழுக்காட்டைச் சொல்லாமல், இடப்பக்கம் கட்டுரையின் வரி, வலப்பக்கம் மூலத்தின் வரியும் பக்க எண்ணும் என அட்டவணை இணைத்து விளக்கம் கேளுங்கள். ‘திருட்டு’ என்ற சொல் அந்தக் கடிதத்தில் வேண்டாம். பதில் வராவிட்டால் கட்டுரையின் உடனாசிரியர்களுக்கு, பிறகு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். நிறுவனமும் வாய்மூடி இருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும்.

வெளியான கட்டுரையை இரவோடிரவாக இணையத்திலிருந்து தூக்கிவிடுவது பெரிய பிழை. மேற்கோள் காட்டியவர்கள் வெற்றுப் பக்கத்தில் போய் நிற்பார்கள். கட்டுரை அங்கேயே இருக்க, ஒவ்வொரு பக்கத்திலும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற குறி வேண்டும். யார், எதற்காகத் திரும்பப் பெறுகிறார்கள் என்ற அறிவிப்பு கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும். அச்சிதழானால் அடுத்த இதழின் பொருளடக்கத்திலும் அது இடம்பெற வேண்டும்.

தண்டனை நம் வேலையன்று. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை கட்டுரையைத் திரும்பப் பெறல். 40க்கு மேல் 60 வரை அத்துடன் ஓர் ஊதிய உயர்வு இழப்பு, 2 ஆண்டுகள் புதிய மாணவர்க்கு நெறியாளராகத் தடை. 60க்கு மேல் இரண்டு ஊதிய உயர்வுகளும் 3 ஆண்டுகளும். இவற்றை முடிவுசெய்வது கல்லூரியின் குழுக்கள். நாம் சான்றைக் கொடுத்துவிட்டு இதழில் வெளியான பதிவைத் திருத்த வேண்டும், அவ்வளவே.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையின் ஆசிரியராகக் குறிக்க முடியாது என்று ‘கோப்’ 2023இல் தெளிவுபடுத்தியது. அக்கருவி எழுதியதைக் ‘கண்டுபிடிக்கும்’ மென்பொருளைத் தமிழுக்கு நம்பி ஒரு கட்டுரையையும் நிராகரிக்க வேண்டாம். துணைநூற்பட்டியலில் ஐந்து நூல்களை எடுத்து, சொன்ன பக்கத்தில் சொன்ன செய்தி உள்ளதா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

முதல் கடிதத்தின் மாதிரியும் திரும்பப் பெறும் அறிவிப்பின் மாதிரியும் இவ்வறிக்கையுடன் சுற்றுக்கு விடப்படுகின்றன. திருத்தங்கள் இருந்தால் இன்றைய கூட்டத்திலேயே எழுதித் தருக. பழைய எழுத்துருவில் வரும் கட்டுரைகளை வரும் இதழிலிருந்து ஏற்பதில்லை என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைத்து, இவ்வறிக்கையை ஏற்றுத் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்