அது அம்பாசிடர் அல்ல, ஃபியட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய தமிழ்ப் படங்களின் ஸ்டில்களை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். காலையில் காபியோடு உட்கார்ந்தவன் பத்து மணி வரை அந்தப் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, அவ்வளவு நல்ல தொகுப்பு. ஆனால் படங்களுக்குக் கீழே எழுதியிருந்த குறிப்புகளில் மூன்று தப்பு இருக்கிறது. மூன்றும் வண்டி சம்பந்தப்பட்டவை. நடிகர் நடிகையர் பேரில் ஒரு எழுத்து மாறினால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள், வண்டிக்கும் அதே மரியாதை வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதல் படத்தில் கதாநாயகி காரிலிருந்து இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே 'அம்பாசிடர் காரில்' என்று போட்டிருக்கிறது. அந்தக் கதவை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள் சார். முன் கதவு, ஆனால் அது டிக்கி பக்கமாகத் திறந்திருக்கிறது. கைப்பிடி முன் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது, கீல் நடுத்தூணில் இருக்கிறது, பின் கதவின் கீலும் அதே தூணில்தான், இரண்டு கதவையும் திறந்து வைத்தால் நடுத்தூணில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற மாதிரி இருக்கும். அம்பாசிடரில் இப்படி ஒரு கதவு என்றைக்கும் வந்ததில்லை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி 1954 முதல் செய்த ஃபியட் 1100-இல்தான் இப்படி இருந்தது. 1964-இல் டிலைட் என்ற மாடல் வந்தபோதுதான் முன் கதவு மற்ற கார்களைப் போல முன்பக்கமாகத் திறக்க ஆரம்பித்தது. அப்புறம் அதே வண்டிதான் 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பத்மினி ஆகி, நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றது. ஆக படத்தில் இருப்பது டிலைட்டுக்கு முந்தைய ஃபியட். காரின் முகம் தெரியவில்லை, நம்பர் தெரியவில்லை, ஒரு கதவுதான் தெரிகிறது, அது போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 1978-இல் கவுண்டருக்குப் போனவன் நான், இருபத்தேழு வருஷம் அங்கேதான். உடைந்த கதவுக் கைப்பிடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். என்ன வண்டி என்றால் 'ஃபியட்' என்பார்கள். என்ன மாடல் என்றால் தெரியாது, வருஷம் தெரியாது, வண்டி மாமனாருடையது, ஆர்.சி. புத்தகம் ஊரில் இருக்கிறது. எங்கள் முதலாளி அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார், "முன் கதவு எந்தப் பக்கமா தொறக்கும்?" வந்தவர் கண்ணை மூடி, கையை நீட்டி, வெறுங்காற்றில் கதவைத் திறந்து காட்டுவார். கை போகிற திசையைப் பார்த்துவிட்டு முதலாளி பையனை மேல் பரணுக்கு ஏற்றுவார். உங்கள் படத்தில் அந்த அம்மா நிற்பதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வந்தன.

இரண்டாவது படம், கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். 'புல்லட்' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய வண்டி என்றால் புல்லட் என்று சொல்லிவிடும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, ஆனால் அது ஜாவா. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்ஸர் போகிறது பாருங்கள், புல்லட்டுக்கு ஒன்றுதான். டேங்க் உருண்டையாக, பக்கவாட்டில் குரோமியம் பளபளக்க, முழங்கால் படுகிற இடத்தில் ரப்பர் வைத்து இருக்கிறது. எஞ்சினும் முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும், புல்லட்டின் எஞ்சின் போலப் பட்டை பட்டையாக எழுந்து நிற்காது. ஜாவாவில் இன்னொரு அழகு உண்டு, உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற கிக்கரும் கியர் லிவரும் ஒரே கம்பிதான். உதைத்தபின் அதையே முன்னால் திருப்பிவிட்டால் கியர். மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1960-களின் தொடக்கத்திலிருந்து செய்தார்கள், 1973 முதல் எஸ்டி என்று பேர் மாறியது, 1996-இல் மூடிவிட்டார்கள். அதை ஓட்டிய ஒருவர் வீட்டில் இருந்தால் படத்தைக் காட்டிப் பாருங்கள், சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளிப்புறப் படப்பிடிப்பில் கேமராவைச் சுற்றி ஆட்கள் நிற்கும் படம். '1950-களில் எடுக்கப்பட்டது' என்று குறிப்பு. பின்னால் மரத்தடியில் ஒரு கார் நிற்கிறது, அது உண்மையாகவே அம்பாசிடர்தான். ஆனால் முன்முகத்தில் இருக்கிற கிரில்லைப் பாருங்கள், நெருக்க நெருக்கமாகச் சின்னக் கட்டங்கள். அது மார்க் 2, அம்பாசிடரின் இரண்டாவது மாடல். அம்பாசிடர் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் வெளிவர ஆரம்பித்ததே 1957 வாக்கில்தான், மார்க் 2 வந்தது 1960-களில். 1979-இல் மார்க் 4 வந்தபோது அந்தக் கட்டங்கள் பெரிதாகி, பார்க் விளக்கு சதுரமாகிவிட்டது. ஆகவே மரத்தடியில் அந்த வண்டி நிற்கிறது என்றால் அந்தப் படம் 1950-களில் எடுத்ததாக இருக்கவே முடியாது. அம்பாசிடரின் உடம்பு 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்ததால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் வந்த லேண்ட்மாஸ்டரையும் பலர் அம்பாசிடர் என்றே சொல்கிறார்கள், அது அம்பாசிடருக்கு அண்ணன், ஆள் வேறு.

இதில் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். வண்டியை வைத்து, படம் இந்த வருஷத்துக்கு முன்னால் எடுத்ததல்ல என்ற கீழ் எல்லைதான் சொல்லலாம், இதற்குப் பிறகு எடுத்ததல்ல என்ற மேல் எல்லை சொல்ல முடியாது. 1955 மாடல் ஃபியட் 1975-லும் ரோட்டில் ஓடியிருக்கும், நம் ஊரில் வண்டியை அப்படி வைத்திருந்தார்கள். ஒரு சட்டகத்தில் பத்து வண்டி தெரிந்தால் அதில் எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ அதுதான் நமக்குச் சாட்சி, மற்ற ஒன்பதும் அழகுக்கு.

அப்புறம், ஸ்டில்களை அச்சடிக்கும்போது இடம் வலம் மாறிப்போவது உண்டு, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். இதை விட்டால் வண்டியையும் தப்பாகச் சொல்வோம். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2000-க்குப் பிறகுதான் கியர் இடப்பக்கம் மாறிய புல்லட்டுகள் வந்தன. ஆகவே பழைய படம் ஒன்றில் கியர் இடப்பக்கம் தெரிந்தால் உடனே எதுவும் முடிவு பண்ணாமல் ஓட்டுகிறவரின் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும். பை வலப்பக்கம் இருந்தால் படமே திரும்பியிருக்கிறது. காராக இருந்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் போயிருக்கும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தால் போதும்.

புதிதாக வரும் 'பீரியட்' படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதை 1970-களில் நடப்பதாக ஒரு படம் பார்த்தேன், பேர் வேண்டாம். உடை, விளம்பரப் பலகை, சோடா பாட்டில் எல்லாவற்றுக்கும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்கள். கதாநாயகன் வருகிறார், புல்லட்டில். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 2009-இல் வந்த கிளாசிக் 350 அது. நம்பர் பிளேட்டில் டி.என். போட்டு இரண்டு இலக்கம். அந்த முறையே புது மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்த பிறகு வந்தது. அதற்கு முன்னால் மூன்று எழுத்து, பிறகு எண், சொந்த வண்டி என்றால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. தியேட்டரில் பக்கத்து இருக்கையில் இருந்த பையனுக்கு இது உறுத்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் நாளைக்கு 1970-களின் சென்னை இப்படித்தான் இருந்தது என்று நம்புவானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதிலும் புல்லட் திருவொற்றியூரில் செய்த வண்டி. அதை நாமே தப்பாகக் காட்டலாமா?

வெளிநாட்டிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள். 'தி கிரேட் எஸ்கேப்' 1963-இல் வந்த படம், இரண்டாம் உலகப்போர்க் கதை, அதில் முள்வேலியைத் தாண்டுகிற ஜெர்மன் ராணுவ மோட்டார் சைக்கிள் உண்மையில் இங்கிலாந்து டிரையம்ப், பெயிண்ட் அடித்து ஜெர்மன் வண்டியாக்கியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த உயரத்துக்குத் தாவிக் குதிக்க அந்தக் காலத்து ஜெர்மன் வண்டி தாங்காது, ஓட்டுகிறவர் உயிர் போகிற விஷயம். நம் கதாநாயகன் தெருமுனையில் திரும்பி வீட்டு வாசலில் இறங்குகிறார், அவ்வளவுதான். அதற்குப் பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் தாராளமாகப் போதும், சென்னையிலேயே நல்ல நிலையில் ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, வைத்திருப்பவர்கள் ஆசையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

'புல்லிட்' என்று 1968-இல் ஓர் அமெரிக்கப் படம், சான்பிரான்சிஸ்கோ மேடுகளில் பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் ஒன்று பறக்கும். அந்த மஸ்டாங் ஒரு குடும்பத்தில் பல வருஷம் சாதாரண காராக ஓடி, ஷெட்டில் தூங்கி, 2018-இல் வெளியே வந்து, 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படத்தில் ஓடிய வண்டி இதுதான் என்பதற்குச் சேஸிஸ் நம்பர் உட்பட எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். நம் ஸ்டூடியோக்களில் ஓடிய கார்கள் என்ன ஆயின? பாதிக்கு மேல், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டையில் பிரிந்திருக்கும். கதவு ஒருவருக்கு, ஹெட்லைட் ஒருவருக்கு, மிச்சம் கிலோ கணக்கில் பழைய இரும்பு. அதில் சில கதவுகளை நானே கையால் தூக்கியிருக்கிறேன், அவற்றில் எது எந்தப் படத்தில் வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நம் ஊர்க் கார் என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? 1961-இல் வந்தது, போனட்டும் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்புறம் மொத்தமாக முதலை வாய் மாதிரித் தூக்கும். ஹெரால்டு வைத்திருப்பவர் எவரும் அதை ஒரு தடவையாவது திறந்து காட்டாமல் நம்மை அனுப்ப மாட்டார். இப்போது ரோட்டில் தேடினாலும் கிடைக்காது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மவுண்ட் ரோடு காட்சி ஓரிரு விநாடி வரும்போது அதுவும் அதன் பழைய தோழர்களும்தான் நமக்கு மிச்சம். பாட்டு முடிவதற்குள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன், என் பேத்தி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு "தாத்தா இது என்ன வண்டி" என்று கேட்பாள், இப்போது அவளே ஃபியட்டையும் அம்பாசிடரையும் பிரித்துச் சொல்கிறாள். வயது ஒன்பது.

கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவிலேயே பழைய கார்களை வைத்து மியூசியம் திறந்திருக்கிறார்கள், இரண்டும் நல்ல காரியம். ஆனால் வண்டி அங்கே நிற்கும், ரோட்டில் எப்படி ஓடியது, யார் ஏறினார்கள், பக்கத்தில் என்ன நின்றது என்பதெல்லாம் படங்களில்தான் இருக்கிறது. அந்தப் படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் நீங்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அந்த மூன்று குறிப்புகளுக்கும் திருத்தம் போடுங்கள். இனி இப்படி ஸ்டில் வரும்போது அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு பழைய மெக்கானிக்கிடமோ பார்ட்ஸ் கடைக்காரரிடமோ காட்டுங்கள், காசு கேட்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

இன்னொன்று, படத்தை வெட்டாதீர்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்று முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சக்கரத்தையும் நம்பர் பிளேட்டையும் வெட்டிவிடுகிறீர்கள், அங்கேதான் எல்லாம் எழுதியிருக்கிறது. அந்த ஃபியட் படத்தின் வெட்டாத பிரதி உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இன்னொரு முறை முழுதாகப் போடுங்கள். பின்பக்க விளக்கும் கிரில்லும் கண்ணுக்குப் பட்டால் அது எந்த வருஷத்து மாடல் என்று சொல்ல என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், இருவருக்கும் உங்கள் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன், காத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ராயப்பேட்டை, சென்னை.