ஆரியங்காவுக் கல்யாணமும் குளவிக் கூடும்

செங்கோட்டை

அன்புள்ள மாரிக்கு,

நீ அனுப்பின எண்ணெய் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. சாரல் நின்று நாலு நாளாகிறது. பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம், அது தனிக்கதை.

போன வாரம் ஆரியங்காவில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதுமே ஸ்பீக்கர் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பெண்ணின் தாய்மாமன் வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, மலையாளத்தில் "கடந்நல் கூடு வல்லதும் உண்டோ?" என்கிறார். குளவிக் கூடாம்! மைக் வால்யூமை எல்லாம் இறக்கிப் பார்த்தேன், குறையவில்லை. மைக்கையும் பாட்டையும் கலந்து ஆம்புக்கு அனுப்பும் மிக்சர் பக்கம், ஆடியோ கேபிளின் பி-38 பின்னைப் பிடுங்கினதும் நின்றது.

ஆம்ப் மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் லைனில். மிக்சர் 40 மீட்டர் தள்ளி, மண்டபத்து பிளக்கில். பிடுங்கின பின்னின் உடம்பிலும் மிக்சர் உடம்பிலும் மீட்டரை வைத்தேன். 1.8 வோல்ட் காட்டியது. இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம்தான் ஆடியோ கேபிளுக்குள் சுற்றியிருக்கும் வலைக்கம்பி வழியே 50 ஹெர்ட்ஸ் கரண்டாக ஓடி, பாட்டோடு ஆம்புக்குள் போயிருக்கிறது.

நம் காலமாக இருந்தால் நீ கட்டிங் பிளேயரால் எர்த் பின்னை நறுக்கியிருப்பாய். இரைச்சல் போகும், நாமும் டீ குடிக்கப் போயிருப்போம். டே, இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. உள்ளே ஒரு வயர் பாடியில் பட்டிருந்தால் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவன் கதி என்ன?

இந்தத் தடவை ஆம்ப் சொருகின பிளக் போர்டிலிருந்தே ஒரு கரண்ட் லைன் இழுத்து மிக்சருக்குக் கொடுத்தேன், இரண்டுக்கும் ஒரே எர்த். ஆடியோ கேபிளோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி விட்டேன். சத்தம் அடங்கிவிட்டது.

அப்புறம் பாட்டுப் போடுகிற பையன் லேப்டாப்பைச் சொருகினான், மறுபடியும் குளவி. சார்ஜரை எடுத்தால் நிற்கிறது, ஆனால் அவன் பேட்டரி அரைமணி நேரம் தாங்காது. நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவைப் போட்டேன். உள்ளே ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள். பாட்டு காந்தத்தில் தாவிவிடும், எர்த் கரண்டுக்கு வழி இல்லை.

அடுத்து பேலன்ஸ்டு கேபிள் வாங்க வேண்டும். இரண்டு கம்பியிலும் பாட்டு நேரெதிராகப் போகும், இரைச்சல் மட்டும் ஒரே மாதிரி ஏறும். ஆம்ப் வித்தியாசத்தை எடுக்கும்போது இரைச்சல் கழிந்துபோகும். விலைதான் இடிக்கிறது.

உன் பழைய ஆம்ப் இங்கேதான் கிடக்கிறது. எர்த் பின் இல்லாத மொட்டை பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, மூணு பின் பிளக் போட்டு வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துக்கொள்.

உன்
செல்லையா