பற்றாத நைட்ரோ காரைப் பற்ற வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எத்தனை இழுத்தும் பற்றாமல் கிடந்த அந்தப் பழைய 2.5 சிசி நைட்ரோ கார் (சிறு இன்ஜினில் ஓடும் ரிமோட் கார்) இப்போது சுங்கை சிப்புட் திடலில் ஓடுகிறது. கை கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. பழைய கார் வாங்கி வைத்திருக்கும் மற்ற தம்பிமாருக்கும் உதவட்டும் என்று, நீங்கள் கண்டுபிடித்ததையும் சேர்த்தே எழுதுகிறோம்.

சலூன் அக்காவுக்கு முதல் நன்றி. கார் வந்தபோது இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் கயிறு அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றியும் சுழலாததால் உள்ளே எரிபொருள் நிரம்பியதல்ல கோளாறு. விளக்கெண்ணெய் கலந்த பழைய எரிபொருள் பிசின் போல் காய்ந்து பிஸ்டனைப் பிடித்திருந்தது. அக்கா கொடுத்த ஹேர் டிரையரால் இன்ஜின் தலையைச் சூடாக்கி, பிளைவீலை (இன்ஜினோடு சுழலும் சக்கரத்தை) கையால் மெல்ல அசைத்ததும் விட்டுக்கொடுத்தது. இறுகிய இன்ஜினில் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும், கயிற்றின் இழுப்பை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒருவழி பேரிங்கும் போகும்.

மோட்டார் கடை அண்ணன், "ஊசியைத் தொடாதே, பிளக்கைப் பார்" என்றார். ஊசி என்பது காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு. நைட்ரோ இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிளக்கின் பிளாட்டினச் சுருள் கனன்றால்தான் எரிபொருளில் உள்ள மெத்தனால் பற்றும். பிளக்கைக் குறட்டால் பிடித்து இக்னைட்டரில் (பிளக்கைக் கனல வைக்கும் பேட்டரிக் கருவியில்) மாட்டினால் சுருள் முழுவதும் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாக வேண்டும். மங்கிய சிவப்பு தெரிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. சார்ஜ் ஏற்றிய பிறகும் சில வளையம் கறுத்தே இருந்தால் பிளக் போய்விட்டது. இங்கே இறங்கியிருந்தது பேட்டரி.

ஈப்போவிலிருந்து 20 விழுக்காடு நைட்ரோமீத்தேன் கலந்த புது எண்ணெய் (இந்தக் காரின் எரிபொருள்) வாங்கி வந்த லோரிக்கார மாமாவுக்கும் நன்றி. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் புழுக்கத்தில் மூடி சரியாக இறுகாத பாட்டிலை நம்பவே கூடாது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு விநாடி அலறிவிட்டு அணைந்தது. அங்கேதான் செம்பனை ஆலையில் பிட்டராக (இயந்திரம் பழுது பார்ப்பவராக) இருந்த ஐயா வந்தார். பிளக் இல்லாமல் பிளைவீலைச் சுற்றினார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கம் இருந்தது. அது இல்லாமல் சும்மா சுழன்றிருந்தால் பிஸ்டனும் அது ஓடும் ஸ்லீவும் சேர்த்து மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் பழைய கார் வாங்கியதே வீண். அடுத்து, எங்கிருந்தாவது வெளிக்காற்று நுழைகிறதா என்று பார்க்க டாங்கியை வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒரு குழாயை அடைத்து மற்றதில் ஊதினார். குமிழி இல்லை. எரிபொருள் குழாயிலும் குமிழி ஓடவில்லை. அப்படியானால் காற்று கார்புரேட்டருக்குப் பிறகுதான் நுழைகிறது என்றார். கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தது. கழற்றினால் அங்கே காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தது. புது ஓ-ரிங் போட்டு, வெளிப்புறம் மட்டும் சூடு தாங்கும் சிலிக்கோன் மெல்லப் பூசி, ஒரு நாள் காயவிட்டார். இந்த ஓட்டை இருந்தால் ஊசியை எத்தனை சுற்று திருகினாலும் கலவை நிலைக்காது. அண்ணன் தடுத்ததன் அருமை அப்போது புரிந்தது.

அதன் பிறகே ஊசி. பெரிய ஊசியை மெல்ல அடைத்து இரண்டரைச் சுற்று திறந்தோம் (உங்கள் இன்ஜின் கையேட்டில் உள்ள அளவே சரி). ஐடில் இடைவெளி (கார் நிற்கும்போது கார்புரேட்டர் வாய் திறந்திருக்கும் அளவு) ஒரு மில்லிமீட்டர். சைலன்சர் வாயை விரலால் அடைத்து இரண்டு மூன்று இழுப்பு, எண்ணெய் கார்புரேட்டரை எட்டியதும் விரலை எடுத்து, இக்னைட்டர் மாட்டி, 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாத வெடுக் இழுப்புகள். நான்காவதில் பற்றியது. அதிகமாக எண்ணெய் ஏறிக் கயிறு இறுகினால் பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, காரைக் கவிழ்த்து இழுங்கள். மெத்தனால் கண்ணில் பட்டால் ஆபத்து.

ஓட்டி முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, மிச்ச எண்ணெய் எரியும் வரை ஓடவிட்டு, பிளக் துளையில் நான்கு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் விடும் காப்பு எண்ணெய்) விட்டு வைக்கிறோம், பேரிங் துருப்பிடிக்காது.

திடலோரத்து வீட்டுக்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இன்ஜினைத் தொட மாட்டோம்.

நன்றியுடன்,
திடலில் கார் ஓட்டும் நாங்கள்